வெங்காயம் வேண்டாம் என்றது ஒருவர்தான்

தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும். பினாங்கு ஜார்ஜ்டவுனில் கேட்டரிங் நடத்தும் அண்ணன் போன் போட்டார். "தம்பி, எல்லா ஆர்டர்லயும் வெங்காயம் பூண்டு வேண்டாம்னு வருது. ஒருத்தர்தானே அப்படிச் சொன்னாரு?" தண்ணீர்மலை முருகன் கோவில் பக்கம் பந்தல் போடுபவர்களுக்குச் சாப்பாடு அனுப்புகிறவர் அவர். ஆர்டர் மென்பொருள் எழுதியது நான்.

'சைவச் சாப்பாடு, 100 பேர்' என்று ஒரு மாதிரி ஆர்டரை ஆப்ஜெக்டாக, அதாவது விவரங்களை ஒன்றாகக் கட்டிய பொட்டலமாக, நிரலில் வைத்திருந்தேன். புது ஆர்டர் வந்தால் அதைக் குளோன் செய்து, அதாவது பிரதி எடுத்து, பெயரையும் விலையையும் மாற்றினால் முடிந்தது. புரோட்டோடைப் வடிவமைப்பு என்பது இதுதான்.

ஜாவா நிரல்மொழியின் குளோன் மெத்தட், ஆப்ஜெக்டில் உள்ள ஒவ்வொரு ஃபீல்டையும் (விவரத்துக்கான இடத்தையும்) இருக்கிறபடி பிரதி எடுக்கும். விலை வெறும் எண், அது தனியாகிவிடும். குறிப்புகள் லிஸ்ட்டின் கதை வேறு. ஃபீல்டில் இருப்பது லிஸ்ட் இல்லை, லிஸ்ட் இருக்கும் இடத்தின் முகவரி. பிரதியாவதும் முகவரிதான். ஆக, எத்தனை ஆர்டர் எடுத்தாலும் லிஸ்ட் ஒன்றே. ஒருவர் சொன்ன 'வெங்காயம் வேண்டாம்' என்ற குறிப்பு, மாதிரி ஆர்டர் வரைக்கும் போய்விட்டது. நிரலைச் சோதிக்க நான் எழுதிய டெஸ்ட்டோ விலையை மட்டும் மாற்றிப் பார்த்து, எல்லாம் சரி என்று பச்சை காட்டியது!

சரி, லிஸ்ட்டைப் புதிதாக எடுத்தால் போதுமா? போதாது. உணவு வகைகளுக்கும் ஒரு லிஸ்ட் உண்டு; அதன் உள்ளே இருக்கும் வடை ஆப்ஜெக்ட் அப்போதும் பொதுவானதே. ஒருவருக்கு 150 வடை என்று மாற்றினால் எல்லோருக்கும் 150 ஆகும். அதையும் பிரதி எடுக்க வேண்டும். வடையின் பெயர் பொதுவாக இருந்தால் பாதகமில்லை. ஜாவாவில் ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர், மாறாது.

இதைக் கேட்ட சக ஊழியர், எல்லாவற்றையும் உள்ளே இருப்பவை வரை ஆழமாகப் பிரதி எடுத்துவிடலாம் என்றார். அப்புறம் வாடிக்கையாளரும் இரண்டு பேர் ஆகிவிடுவார்; ஒருவரின் போன் எண்ணைத் திருத்தினால் மற்றவரிடம் பழைய எண்ணே கிடக்கும். மூல ஆர்டரின் எண்ணோ, எந்தப் பிரதியிலும் இருக்கவே கூடாது. எது பொது, எது தனி என்பது தொழிலைத் தெரிந்தவர் முடிவு செய்ய வேண்டியது. நான் குளோனை விட்டுவிட்டு, பிரதி எடுக்கும் கன்ஸ்ட்ரக்டரை (புது ஆப்ஜெக்டை உருவாக்கும் நிரல் பகுதியை) கையால் எழுதினேன்.

ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்களும் தப்பவில்லை. ஆப்ஜெக்டை மூன்று புள்ளி போட்டு விரிப்பது மேல்மட்டத்தை மட்டும் பிரதி எடுக்கும். ஜேசன் என்ற எழுத்து வடிவம் ஆக்கித் திருப்பினால் டெலிவரி தேதி வெறும் எழுத்தாகிவிடும்.

இப்போது என் டெஸ்ட் பிரதியில் ஒரு வடையைக் கூட்டிவிட்டு, மாதிரி ஆர்டரைத் திறந்து எண்ணிப் பார்க்கிறது.