முடியளவு நீட்சியில் நிற்கும் சக்கரம்

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் சாலையோரத்தில் ஸ்டெப்னி மாற்றுவதைக் கவனித்தால், கடைசியில் ஒரு சடங்கு நடக்கும்: ஸ்பானர் மேல் ஏறி ஒரு மிதி. "நல்லா மிதிச்சு விடுங்க அண்ணாச்சி, மலை ஏறணும்லா" என்பார் கார்க்காரர். இறுக்கம் வேண்டும் என்பது சரி. மிதிதான் தப்பு.

ஆணியில் சட்டை தொங்குவதுபோல ஸ்டட்டில், அதாவது நட்டு ஏறும் மரைபோட்ட கம்பியில், சக்கரம் தொங்குவதாக நினைக்கிறோம். அப்படித் தொங்கினால் ஸ்டட்கள் சீக்கிரமே வெட்டுப்பட்டுப் போகும். நட்டை முறுக்கும்போது ஸ்டட் கொஞ்சம் நீள்கிறது. நீண்ட எஃகு மறுபடி சுருங்கப் பார்க்கும். அந்த விசைதான் சக்கரத்தை, அது வந்து பொருந்தும் நடுத் தட்டான ஹப்பின் முகத்தோடு சேர்த்து அழுத்துகிறது. வண்டியின் பாரத்தைத் தாங்குவது அந்த இரு முகங்களுக்கு இடையிலான உராய்வு.

12 மி.மீ. ஸ்டட்டின் நட்டை 100 நியூட்டன் மீட்டருக்கு (முறுக்கின் அளவு இது) முறுக்குவதாக வைப்போம். முறுக்கிலிருந்து இழுவிசையைக் கணக்கிட, உலர்ந்த மரைக்கு வழக்கமாக எடுக்கும் குணகம் 0.2. 100-ஐ 0.2 × 0.012-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 41,700 நியூட்டன், அதாவது 4 டன்னுக்கு மேல். நான்கு ஸ்டட்டுக்கும் சேர்த்து 17 டன். சக்கரத்துக்கும் ஹப்புக்கும் இடையிலான உராய்வுக் குணகம் வெறும் 0.15 என்றாலும் 2.5 டன் விசை வரை சக்கரம் வழுக்காது. சின்னக் காரில் ஒரு சக்கரத்தின் மேல் இருப்பது 300 கிலோ அளவுதான். எஸ் வளைவில் பிரேக்கை அழுத்தினாலும் மிச்சமுண்டு.

இத்தனை விசைக்கும் ஸ்டட் எவ்வளவு நீள்கிறது? பிடிமான நீளம், அதாவது ஸ்டட்டில் இழுபடும் பகுதி, 20 மி.மீ. என்றால் சுமார் 0.05 மி.மீ. ஒரு தலைமுடியின் கனம். மலையடிவார மழையில் ஹப்பில் ஏறிய துருவோ, சக்கரத்தின் பின்முகத்தில் அடித்த பெயின்ட்டோ அதே கனம்தான். ஓட ஓட அது நசுங்கினால் நீட்சி காணாமல் போகும், நட்டு ஒரு சுற்றுகூடக் கழன்றிருக்காது. 50 முதல் 100 கி.மீ. ஓட்டிய பின் மறுபடி இறுக்கச் சொல்வது இதற்காகத்தான். பிடி தளர்ந்து சக்கரம் பக்கவாட்டில் அசையத் தொடங்கினால் நட்டு தானாகவே கழலும். இதை ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனை செய்து காட்டினார்.

முறுக்கும் சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை நீட்டுகிறது. மீதியெல்லாம் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வாகக் கரைகிறது. ஆகவே மரையில் எண்ணெய் தடவினால், அதே 100-க்கு ஸ்டட் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இழுபடலாம். மிதிக்கு வருவோம். 60 கிலோ ஆள் 40 செ.மீ. ஸ்பானர் நுனியில் நின்றால் 235 நியூட்டன் மீட்டர். இரண்டு மடங்குக்கும் மேல். மீள முடியாத அளவுக்கு எஃகு நீண்டுவிட்டால் பிறகு அது பிடிக்காது. மலையில் எங்கேயோ ஒடியும்.

முறையாகச் செய்வதும் கஷ்டமில்லை. ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கிய பின், முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதை வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்க்கலாம். காற்றழுத்தத்தில் நட்டை முறுக்கும் ஏர் கன்னை மட்டும் நம்புவது எனக்கு உவப்பில்லை.

ஸ்டட் ஒடிந்திருந்தால் புதியதை ஹப்பின் பின்பக்கமிருந்து செருகுவார்கள். அதன் கழுத்தில் பல் பல்லாக வெட்டியிருக்கும். அந்தப் பல் ஹப் துளையில் கடித்து உட்காருவதால்தான் நட்டோடு சேர்ந்து ஸ்டட் சுற்றுவதில்லை. சுத்தியலால் அடித்தால் பேரிங் கெடும். பழைய நட்டும் சில வாஷர்களும் போட்டு மெல்ல இழுத்து, தலை முழுதாகப் படிந்ததும் அந்த நட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஒன்று ஒடிந்தால் அதன் சுமையைப் பக்கத்து ஸ்டட்கள் சுமந்திருக்கும். அவற்றையும் சேர்த்து மாற்றுவதே நல்லது.