ஆம்ப், ஸ்பீக்கர் பொருத்தம்: வாட் கணக்கைக் கடைசியில் பார்க்கலாம்

ஸ்பீக்கரின் பின்பக்கம் "100 வாட்" என்று ஒட்டியிருந்தால் அதற்கு 100 வாட் ஆம்ப்தான் (ஆம்ப்ளிஃபையர்) வாங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண் ஸ்பீக்கர் எவ்வளவு பவரைத் தாங்கும் என்று மட்டுமே சொல்கிறது. எவ்வளவு சத்தம் வரும், எந்த ஆம்ப் அதை இழுக்கும் என்பதற்கு சென்சிட்டிவிட்டி, இம்பீடன்ஸ் (ஸ்பீக்கரின் மின்தடை, ஓமில் சொல்வது) என்ற இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும்.

ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி மைக் வைத்து டெசிபலில் அளந்த சத்தம்தான் சென்சிட்டிவிட்டி. 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் அதுவே 2 வாட். பவர் இரட்டித்தால் சத்தம் 3 டெசிபல் கூடும். அதனால் 4 ஓம் ஸ்பீக்கரின் எண்ணில் 3 டெசிபலைக் கழித்த பிறகுதான் 8 ஓம் ஸ்பீக்கரோடு ஒப்பிட வேண்டும். விற்பனைத் தாள்களில் இதை யாரும் சொல்வதில்லை.

இந்த எண் எவ்வளவு மாறும் என்பதற்கு இரண்டு பழைய பெட்டிகளைப் பார்க்கலாம். பிபிசி 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ, செருப்புப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. அதன் சென்சிட்டிவிட்டி 83 டெசிபலைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். பால் கிளிப்ஷ் 1940களில் வடிவமைத்த கிளிப்ஷ்ஹார்ன், அறை மூலையில் அலமாரி போல நிற்பது. அதற்கு 105 டெசிபல் குறிக்கப்பட்டிருக்கிறது. வித்தியாசம் 22 டெசிபல். சத்தம் 10 டெசிபல் கூடுவதற்கு 10 மடங்கு பவர் வேண்டும் என்பதால், இந்த 22 டெசிபல் ஏறக்குறைய 160 மடங்கு. மூலைப் பெட்டி 1 வாட்டில் போடும் சத்தத்தை எட்ட சின்னப் பெட்டிக்கு 160 வாட் வேண்டும். அவ்வளவு பவரைத் தொடர்ந்து கொடுத்தால் அதன் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) கருகிவிடும்.

சாதாரண வீட்டுக் கணக்கு இப்படி வரும். ஸ்பீக்கர் 87 டெசிபல், 8 ஓம், நீங்கள் உட்காரும் இடம் 3 மீட்டர் தள்ளி. திறந்த வெளியில் 9.5 டெசிபல் குறையும். அறையில் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் 6 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஸ்பீக்கர் இருப்பதால் 3 கூட்டுங்கள். ஆகப் பக்கத்துக்கு (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும்) 1 வாட்டில் 84 டெசிபல் காதுக்கு வரும். தவில் அடியோ டிரம்ஸ் அடியோ 100 டெசிபல் வரை எகிற வேண்டுமானால் இன்னும் 16 டெசிபல், அதாவது பக்கத்துக்கு 40 வாட். 84 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் 80 வாட். 90 என்றால் 20 போதும். சாவகாசமாக 78 டெசிபலில் கேட்கும்போது ஆம்ப் கொடுப்பது வெறும் கால் வாட்!

அந்த 40 வாட் உண்மையான 40 வாட்டாக இருக்க வேண்டும். பிஎம்பிஓ (கண நேர உச்சம் என்று ஊதிப் பெருக்கிய வாட்) எண்களை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆம்ப் போர்டு வாங்கி அசெம்பிள் செய்பவர்கள் ட்ரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தே உண்மையைக் கணக்கிடலாம். 12-0-12 ட்ரான்ஸ்ஃபார்மரில் டூயல் சப்ளை எடுத்தால் பிளஸ், மைனஸ் 16 வோல்ட் கிடைக்கும். லோடு ஏறியதும் அது இறங்கும். போர்டில் இருக்கும் ஆம்ப் ஐசி (சிப்) தனக்கும் 2, 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மிஞ்சும் 13 வோல்ட் பீக்கை வர்க்கப்படுத்தி, ஓமின் இரு மடங்கால் வகுத்தால் 8 ஓமில் 10 வாட், 4 ஓமில் 21 வாட். பெட்டியில் 2000 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டினாலும் இதற்கு மேல் வராது.

அப்படியானால் 4 ஓம் ஸ்பீக்கர் போட்டால் லாபம்தானே? பவர் கூடும்போது கரன்ட்டும் இரட்டிப்பாகிறது, ஐசியின் சூடும் ஏறுகிறது. டிடிஏ7294 ஐசியின் டேட்டாஷீட்டில் 70 வாட்டுக்கு 8 ஓமில் பிளஸ், மைனஸ் 35 வோல்ட், 4 ஓமில் 27 வோல்ட் என்று போட்டிருப்பது இதனால்தான். 35 வோல்ட்டில் ஓடும் போர்டில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால், அரை மணி நேரம் நன்றாகப் பாடிவிட்டு ஐசி தானே கட் ஆகும். ஆறியதும் மறுபடி பாடும். ஐசியை ஆற வைக்கும் ஹீட் சிங்கைத்தான் பலர் குறை சொல்வார்கள்.

"8 ஓம்" என்பதும் பெயரளவுக்குத்தான். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மாறும். பாஸ் ரெசொனன்ஸில் (கோன் இயல்பாக அதிரும் அடி ஸ்வரத்தில்) 20, 30 ஓமுக்கு ஏறி, 150 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளத்தில் விழுவது வழக்கம். ஐஈசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரப்படி மிகக் குறைந்த மதிப்பு, பெயரளவு மதிப்பின் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. 8 ஓம் என்று போட்டால் 6.4க்குக் கீழே இறங்கக் கூடாது. ஆனால் 3.5 ஓமுக்கு இறங்கும் "8 ஓம்" ஸ்பீக்கர்களும் சந்தையில் உண்டு. மல்டிமீட்டர் வைத்தால் ஓரளவு பிடிபடும்: உண்மையான 8 ஓம் 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் 3 முதல் 3.8 வரை. ஆம்ப்பில் ஏ, பி ஸ்பீக்கர் ஸ்விட்ச் இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் பெரும்பாலும் இரண்டு ஜோடியும் பேரலலில் சேர்ந்து 8 ஓம் 4 ஆகிவிடும். இதை மறக்க வேண்டாம்.

வாங்கும்போது 8 ஓம், 4 ஓம் இரண்டு வாட்டையும் கேளுங்கள். 50, 85 என்றிருந்தால் பவர் சப்ளை வலுவானது. 50, 55 என்றிருந்தாலோ, 4 ஓமே குறிப்பிடாமல் விட்டிருந்தாலோ, பள்ளமுள்ள ஸ்பீக்கருக்கு அது ஆகாது.

ட்வீட்டர் (மேல் சுரங்களுக்கான சின்ன ஸ்பீக்கர்) எரிவது பெரும்பாலும் சின்ன ஆம்ப்பால்தான். கிளிப் ஆன அலை (ஆம்ப்பின் எல்லையைத் தாண்டி முகடு வெட்டுப்பட்டது) டிசி, அதாவது ஒரே திசை மின்சாரம், ஆகி ட்வீட்டரைச் சுடுகிறது என்று சொல்வது தவறு. ட்வீட்டருக்கு முன்னால் இருக்கும் கெபாசிட்டர் டிசியை விடாது. பாஸின் முகடு வெட்டுப்பட்ட பிறகும் வால்யூமைத் திருகினால் பாஸ் அதிகமாகாது, மேல் சுரங்கள் மட்டும் கூடிக்கொண்டே போகும். வெட்டுப்பட்ட இடத்தில் பிறக்கும் ஹார்மானிக்ஸும் (மடங்கு அதிர்வெண்கள்) மேலேதான் போய்ச் சேரும். பாடல்களில் சில வாட்டுக்கு மேல் வரும் என்று எதிர்பாராத ட்வீட்டரின் சின்னக் காயில் அங்கே வேகும்.

வால்வ் ஆம்ப் (வெற்றிடக் குழாயில் ஓடும் பழைய வகை) என்றால் இன்னொரு சிக்கல். அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் 2 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஸ்பீக்கர் 4 ஓமில் இருக்கும் இடத்தில் 3.5 டெசிபல் இழப்பு, 20 ஓமில் 0.8 மட்டும். ஈக்வலைசரைத் தொடாமலே 2.7 டெசிபல் மேடு பள்ளம் வந்துவிடுகிறது. மெல்லிய வயரும் சிறிய அளவில் இதையே செய்யும். 0.5 சதுர மில்லிமீட்டர் வயர் 5 மீட்டருக்குப் போக, வர 0.34 ஓம். 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் 0.07. சாதாரண செம்பு வயர் போதும்.

வால்யூம் குமிழ் பாதியில் இருந்தால் பாதி பவர் என்று எண்ண வேண்டாம். சிடி பிளேயரும் டிஏசியும் (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) 2 வோல்ட் அனுப்பும். பல ஆம்ப்களுக்கு அதில் கால் பங்கே முழுப் பவருக்குப் போதும். குமிழ் 11 மணி நிலையைத் தாண்டும்போதே பாஸ் அடியில் கரகரப்பு கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.