மெமரி கார்டின் மேல் எழுதியிருப்பதும் உள்ளே நடப்பதும்

ஒரு எஸ்டி கார்டின் முகப்பில் ஏழெட்டுக் குறிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கொள்ளளவு, நொடிக்கு இத்தனை எம்பி (மெகாபைட்) என்று ஒரு பெரிய எண், ரோமன் எண்ணில் ஒன்று அல்லது இரண்டு, வட்டத்துக்குள் 10, 'யூ' எழுத்துக்குள் 3, பக்கத்தில் வி30, சிலவற்றில் ஏ2. முதலில் கண்ணில் படுவது அந்தப் பெரிய எண்தான். கேமராவுக்கு மிகக் குறைவாக உதவுவதும் அதுதான். பெரும்பாலும் அது படிக்கும் வேகத்தின் உச்சம். அதாவது படங்களைக் கணினிக்கு மாற்றும்போது எட்டக்கூடிய வேகம். கேமரா செய்வதோ எழுதும் வேலை. எழுதுவது ஏன் மெதுவாகவும் ஏற்ற இறக்கத்தோடும் நடக்கிறது என்பது புரிந்துவிட்டால், எந்தக் குறியைப் பார்த்து வாங்குவது, வாங்கியதை எப்படிக் கையாளுவது இரண்டும் தெளிவாகிவிடும்.

கார்டுக்குள் இருப்பது நாண்ட் ஃபிளாஷ் எனப்படும் நினைவகச் சில்லு. 1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கியது. அதில் கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள். ஒவ்வோர் அறையிலும் நாலாபுறமும் காப்பிடப்பட்ட ஒரு பகுதி உண்டு. அங்கே எலக்ட்ரான்களை அடைத்துவிட்டால் மின்சாரம் நின்ற பிறகும் அவை அப்படியே இருக்கும். அடைபட்ட மின்னூட்டத்தின் அளவை மின்னழுத்தமாக அளந்து பார்ப்பதுதான் படிப்பது. ஓர் அறையில் ஒரு பிட், அதாவது 0 அல்லது 1, வைக்க இரண்டு நிலைகள் போதும். இன்று விற்கும் பெரும்பாலான கார்டுகளில் ஓர் அறைக்கு மூன்று பிட். அதற்கு எட்டு நிலைகள் வேண்டும். நான்கு பிட் என்றால் பதினாறு. இவ்வளவு நிலைகளையும் ஒரே மின்னழுத்த எல்லைக்குள் நெருக்கி வைப்பதால், கொஞ்சம் மின்னூட்டம் ஏற்றுவது, அளப்பது, இன்னும் கொஞ்சம் ஏற்றுவது, மறுபடி அளப்பது என்று பல தடவை செய்தால்தான் எழுத்து சரியாக அமையும். படிப்பதற்கு இந்தப் பாடு இல்லை. எழுதும் வேகம் பின்தங்குவதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் அழிப்பு. எழுதுவது பக்கம் பக்கமாக நடக்கும். ஒரு பக்கம் ஏறத்தாழ 16 கேபி. அழிப்பதோ பல நூறு பக்கங்கள் சேர்ந்த தொகுதியாக மட்டுமே முடியும். ஒரு தொகுதி பல எம்பி. எழுதிய பக்கத்தின் மேலேயே திருப்பி எழுத வழியில்லை. ஒரு சொல்லைத் திருத்தவும் முழுவதையும் துடைத்தாக வேண்டிய கரும்பலகை அது. எனவே கார்டை நிர்வகிக்கும் சிறு சில்லான கன்ட்ரோலர், புதிய தரவைக் காலி இடத்தில் எழுதிவிட்டுப் பழைய பக்கத்தைச் செல்லாதது என்று குறித்துக்கொள்கிறது. காலித் தொகுதிகள் குறையும்போது, பாதி செல்லாமல்போன ஒரு தொகுதியை எடுத்து, அதில் இன்னும் தேவைப்படும் பக்கங்களை வேறிடத்துக்குப் பெயர்த்து, அதன் பிறகு துடைத்து, அப்புறம்தான் உங்கள் படத்தை வாங்கும். வீடியோ நடுவில் தானாக நின்று, கார்டு மெதுவாக இருக்கிறது என்று கேமரா புகார் சொல்வதற்குப் பல நேரம் இந்தப் பெயர்ப்பு வேலையே காரணம்.

போதாததற்கு, சில கார்டுகள் தங்கள் அறைகளில் ஒரு பங்கை ஓர் அறைக்கு ஒரு பிட் என்ற வேகமான முறையில் வைத்துக்கொண்டு, வரும் தரவை முதலில் அங்கே இறக்கிக்கொள்ளும். அந்தப் பங்கு நிறைந்ததும் வேகம் தடாலென்று விழும். ஒரு ஜிபி கோப்பை நகலெடுத்துப் பார்த்துவிட்டு "கார்டு பறக்கிறது" என்று முடிவுகட்டுவது இதனால்தான் ஏமாற்றத்தில் முடிகிறது. சோதிப்பதானால் குறைந்தது கார்டின் பாதி நிறையும் வரை விடாமல் எழுதிப் பார்க்க வேண்டும்.

குறிகளைப் படிப்பது

ரோமன் எண் குறிப்பது கார்டுக்கும் கேமராவுக்கும் நடுவே உள்ள பாதையின் அகலத்தை. ஒன்று என்றால் யூஎச்எஸ்-1; அந்தப் பாதையில் நொடிக்கு அதிகபட்சம் 104 எம்பி போகலாம். இரண்டு என்றால் யூஎச்எஸ்-2; அதில் 312 எம்பி. இரண்டாவது வகைக் கார்டின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் கூடுதலாக இன்னொரு வரிசைத் தொடுமுனைகள் இருக்கும். அந்தக் கார்டை யூஎச்எஸ்-1 ஸ்லாட்டில் போட்டாலும் வேலை செய்யும். வேகம் மட்டும் பழைய பாதைக்கு இறங்கிவிடும். ஒரு ரோமன் ஒன்று போட்ட கார்டில் நொடிக்கு 170 அல்லது 200 எம்பி என்று அச்சிட்டிருந்தால், அது தரநிலைக்கு வெளியே தயாரிப்பாளர் வைத்துக்கொண்ட தனி வழி. அந்த வழியை அறிந்த கார்டு ரீடரில் மட்டுமே கிடைக்கும். கேமராவில் 104ஐத் தாண்டாது.

வீடியோ எடுப்பவர் நம்ப வேண்டியது வட்டம், யூ, வி ஆகிய வகுப்புக் குறிகளை. இவை சொல்வது உச்சத்தை அல்ல, கீழே இறங்காத அடிமட்டத்தை. வட்டத்துக்குள் 10 என்றாலும் யூ1 என்றாலும் வி10 என்றாலும் நொடிக்குக் குறைந்தது 10 எம்பி. யூ3, வி30 இரண்டும் 30 எம்பி. அதற்கு மேல் வி60, வி90. கேமராவின் மெனுவில் வீடியோ அளவு மெகாபிட்டில் இருக்கும். கார்டில் மெகாபைட்டில் இருக்கும். எட்டால் வகுத்தால் முடிந்தது. நொடிக்கு 100 மெகாபிட் வீடியோவுக்கு 12.5 எம்பி போதும், வி30 தாராளம். 200 மெகாபிட்டுக்கு 25 எம்பி. அதற்கும் வி30 சரி. 400 மெகாபிட்டுக்கு 50 எம்பி, வி60 வேண்டும். 600 மெகாபிட்டுக்கு 75 எம்பி; வி90க்குக் குறைந்து எதுவும் உத்தரவாதம் தராது. ஏ1, ஏ2 குறிகள் கைபேசியில் செயலிகளைக் கார்டிலிருந்து ஓட்டுவதற்கானவை. கேமராவுக்காக அதற்குக் கூடுதல் காசு கொடுப்பதில் பொருளில்லை.

படம் எடுப்பவரின் கணக்கு வேறு. கேமரா முதலில் தன் தற்காலிக நினைவகமான பஃபரில் படங்களைக் கொட்டி, அங்கிருந்து கார்டுக்கு வடிக்கிறது. ஒரு ரா கோப்பு (கேமரா செயலாக்காத மூலப் படம்) 30 எம்பி, நொடிக்கு 10 படம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 300 எம்பி பிறக்கிறது. கார்டு நொடிக்கு 80 எம்பி எழுதுமானால் பஃபரில் நொடிக்கு 220 எம்பி தேங்கும். 1,100 எம்பி பஃபர் ஐந்தே நொடியில் நிறைந்துவிடும். அதன் பின் ஷட்டர் நொடிக்கு மூன்று படம்கூடத் தராது; பஃபர் முழுதும் வடியப் பதினான்கு நொடி ஆகும். அதே கேமராவில் நொடிக்கு 250 எம்பி எழுதும் கார்டு இருந்தால் பஃபர் நிறைய 22 நொடி, வடிய நாலரை நொடி. பறவை, விளையாட்டு எடுப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. நிலக்காட்சியோ உருவப்படமோ ஒவ்வொன்றாக எடுப்பவருக்கு வி30 கார்டே கடைசிவரை போதும். விலை உயர்ந்த கார்டு படத்தின் தரத்தில் ஓர் அணுவும் கூட்டாது.

உயர்நிலைக் கேமராக்களில் வரும் சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டு கணினியின் எஸ்எஸ்டி சேமிப்பகம் போலவே பிசிஐஇ என்ற அதிவேகப் பாதையில் ஓடுவது. இரண்டாம் பதிப்பின் ஏ வகைக்கு நொடிக்கு 1 ஜிபி, பி வகைக்கு 2 ஜிபி வரை பாதை உண்டு. இதிலும் உச்சத்தைப் பார்க்காமல், விபிஜி200, விபிஜி400 போன்ற அடிமட்ட உத்தரவாதக் குறியைத் தேடுங்கள்.

கொள்ளளவு பற்றி நீட்ட வேண்டியதில்லை. 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி, அதற்கு மேல் 2 டிபி வரை எஸ்டிஎக்ஸ்சி. பழைய கேமரா எஸ்டிஎச்சி மட்டும் ஏற்குமானால் 64 ஜிபி கார்டை அதில் திணிக்க வேண்டாம். எஸ்டிஎச்சியின் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் (கார்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஏற்பாடு) ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நீண்ட வீடியோ துண்டு துண்டாகக் கிடக்கக் காரணம் அதுவே. 128 ஜிபி கார்டு கணினியில் 119 என்று காட்டினால் பதற வேண்டாம். கார்டுக்காரர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், கணினி 1,024ஆல் வகுக்கிறது.

பதற வேண்டியது போலிக் கார்டைக் கண்டு. 16 ஜிபி சில்லை வைத்து, கன்ட்ரோலரை மாற்றியமைத்து, 512 ஜிபி என்று பொய் சொல்ல வைக்கிறார்கள். முதல் 16 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். பிறகு எழுதுவது காற்றில் போகும், அல்லது முதலில் எழுதியதையே தின்னும். கோப்புப் பெயர்களும் அளவுகளும் சரியாகத் தெரிவதால், படத்தைத் திறக்கும் வரை யாருக்கும் சந்தேகம் வராது. கண்டுபிடிக்க உறுதியான வழி, முழுக் கொள்ளளவுக்கும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடுவது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவசக் கருவிகள் இதைச் செய்யும். புதுக் கார்டில் முதல் படம் எடுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். நல்ல பெயருள்ள கார்டுக்கும்தான்; போலிகள் அச்சிடுவதே அந்தப் பெயர்களைத்தான்.

ஃபார்மேட்டும் மீட்பும்

கார்டைக் கணினியில் அல்ல, அதைப் பயன்படுத்தப்போகும் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். கேமரா தன் படங்களை வைக்கும் டிசிஐஎம் கோப்புறையை உருவாக்குவதோடு, கோப்பு முறையின் எல்லைகளைக் கார்டின் தொகுதி எல்லைகளோடு பொருந்தும்படி அமைக்கும். பொருந்தாவிட்டால் ஒரே கோப்புக்காக இரண்டு தொகுதிகளைப் பெயர்க்க நேரும். வேக வகுப்பின் உத்தரவாதமும் தொடர்ச்சியான காலி இடத்தில் எழுதும்போதுதான் செல்லும். பிடிக்காத படங்களை இங்கொன்றும் அங்கொன்றுமாக அழித்துக்கொண்டே போனால் காலி இடம் பொத்தல் பொத்தலாகிவிடும். வி60 கார்டும் தடுமாறும். படங்களை இரண்டு இடங்களில் நகலெடுத்து, சிலவற்றைத் திறந்து பார்த்து, பிறகு மொத்தமாக ஃபார்மேட் செய்வதே நல்ல பழக்கம்.

இப்படி ஃபார்மேட் செய்வதால் கார்டு தேய்ந்துவிடும் என்ற பயம் வீண். ஒவ்வொரு துடைப்பும் அறையின் காப்பைக் கொஞ்சம் அரிப்பது உண்மைதான். ஆனால் கன்ட்ரோலர் அந்தச் சுமையை எல்லாத் தொகுதிகளுக்கும் சமமாகப் பங்கிடுகிறது. வாரம் ஒருமுறை கார்டை முழுதாக நிரப்பித் துடைப்பவர் ஆண்டுக்கு 52 சுற்றுதான் செலவழிக்கிறார். மூன்று பிட் அறைகள் நூற்றுக்கணக்கில் தொடங்கிச் சில ஆயிரம் சுற்றுகள் வரை தாங்கும். இடைவிடாமல் பதிவாகும் கார் கேமராக்களில்தான் தேய்மானம் உண்மையான பிரச்சினை. காந்தமும் விமான நிலைய எக்ஸ்ரேயும் ஒன்றும் செய்யாது. பக்கவாட்டுப் பூட்டு பற்றி ஒரு விஷயம்: அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. கார்டுக்கு அது எங்கே நிற்கிறது என்பதே தெரியாது. ஸ்லாட்டில் உள்ள ஒரு சிறு சுவிட்ச்தான் அதை உணர்கிறது. துண்டு உடைந்து விழுந்த கார்டு எப்போதும் பூட்டியதாகவே தெரியும். அந்தப் பள்ளத்தில் சிறு ஒட்டுநாடா ஒட்டினால், படங்களை வெளியே எடுக்கும் வரையாவது காலம் தள்ளலாம்.

எழுதும் விளக்கு எரியும்போது கார்டைப் பிடுங்குவது இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை அந்த நொடியில் பாதி எழுதப்பட்டிருக்கலாம். எஸ்டிஎக்ஸ்சி கார்டுகளின் எக்ஸ்ஃபேட் முறையில் அந்த அட்டவணைக்குப் பொதுவாக இன்னொரு நகலும் இல்லை. பேட்டரி தீரும் தறுவாயில் வீடியோ எடுப்பதும் இதே ஆபத்துதான்: பல கேமராக்கள் வீடியோ கோப்பின் உள்ளடக்கக் குறிப்பைப் பதிவை நிறுத்தும்போதே எழுதுகின்றன. குறிப்பில்லாத கோப்பு, எத்தனை ஜிபி இருந்தாலும், திறக்காது. அப்படி நேர்ந்தால் முழு பேட்டரியுடன் அதே கேமராவில் கார்டைப் போட்டுப் பாருங்கள். சில கேமராக்கள் தாங்களே சரிசெய்ய முன்வரும்.

தவறுதலாக அழித்துவிட்டால் உடனே கார்டை வெளியே எடுத்துவிடுங்கள்; இன்னொரு படம்கூட எடுக்கக் கூடாது. சாதாரண ஃபார்மேட் அட்டவணையை மட்டுமே வெறுமையாக்குகிறது. படங்கள் அறைகளில் அப்படியே கிடக்கும். கார்டு முழுவதையும் ஒரே கோப்பாகக் கணினியில் நகலெடுத்து, அந்த நகலின் மேல் ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவியை ஓட்டுங்கள். அது அட்டவணையைப் பொருட்படுத்தாமல், ஒவ்வொரு படக் கோப்பும் தொடங்கும் விதத்தைத் தேடிப் பிடிக்கும். கோப்பின் பழைய பெயர் கிடைக்காது; படத்துக்குள் பதிந்திருக்கும் நாளும் நேரமும் கிடைக்கும் என்பதால் அதை வைத்து வரிசைப்படுத்தலாம். மீட்பவற்றை அதே கார்டில் சேமிக்கக் கூடாது. கேமராவில் 'முழு ஃபார்மேட்' போன்ற தேர்வைப் போட்டிருந்தால், தொகுதிகளே துடைக்கப்பட்டிருக்கும். அங்கே எந்தக் கருவிக்கும் தேட ஒன்றும் இருக்காது.