ரெக்கார்டு லிங்கேஜ்: பதிவிணைப்பு

ஒரே ஆளைப் பற்றி வெவ்வேறு இடங்களில் கிடக்கும் குறிப்புகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பது ரெக்கார்டு லிங்கேஜ். ஒருவரின் பிறப்பு முதல் இறப்பு வரையிலான பதிவுகளை ஒரே நூலாகக் கட்டுவது என்ற பொருளில் அமெரிக்க மருத்துவர் ஹால்பர்ட் டன் 1946-இல் அமெரிக்கச் சுகாதார இதழ் ஒன்றில் இச்சொல்லைத் தலைப்பாக்கினார். 1969-இல் புள்ளியியலாளர்கள் ஃபெல்லெகியும் சண்டரும் அதற்குக் கணித அடிப்படை கொடுத்தார்கள். தமிழில் 'ஆவண இணைப்பு' என்றால் கடிதத்தோடு வைத்து அனுப்பும் நகல்தான் நினைவுக்கு வரும். 'தரவு இணைப்பு' நெட்வொர்க் துறையில் வேறு பொருளில் புழங்குகிறது. 'பதிவிணைப்பு' என்பதே சரி.

இது ஏன் தேவை? ஏற்காடு நாகலூரில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் பெண்ணிடம் சுகாதாரக் கணக்கெடுப்பில் "இன்சூரன்ஸ் இருக்குங்களா?" என்று கேட்டால், "எல்.ஐ.சி. எதுவும் போடலைங்க" என்று பதில் வரலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பீரோவில் இருக்கும். 2009-இல் வந்தது கலைஞர் காப்பீடு. 2012 முதல் நடப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு. அந்த வீட்டில் எந்தப் பெயர் வழங்குகிறதோ அதைச் சொல்லிக் கேட்காவிட்டால் 'இல்லை' என்றே பதிவாகிவிடும். திட்டத்தின் பதிவேட்டோடு இணைத்துப் பார்த்தால்தான் இந்தப் பிழை தெரியும்.

இரு பக்கமும் பொது எண் இல்லாவிட்டால் பெயர், வயது, ஊர் வைத்தே இணைக்க வேண்டும். முதலில் வட்டம், பாலினம் என்று பிரித்துக்கொண்டு, அதற்குள் ஒவ்வொரு விவரத்தையும் ஒப்பிட்டு, ஒத்துப்போனால் மதிப்பெண் போடுவார்கள். இங்கே ழகரம் காலை வாரும். ஒலியை வைத்துப் பெயர் பொருத்தும் சவுண்டெக்ஸ் முறையில், தமிழ்ச்செல்வி என்ற பெயரை ஆங்கிலத்தில் 'எல்' போட்டு எழுதினால் குறியீடு டி542. 'இசட் எச்' போட்டால் டி524. ஒரே பெண் இரண்டு பேராகிவிடுகிறார். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல் என்பதால் இனிஷியலுக்குக் குறைந்த மதிப்பெண் போதும். வயதை 35, 40 என்று முழுசாக்கிச் சொல்வது வழக்கம். இரண்டு மூன்று வருட வித்தியாசத்துக்காகத் தள்ளிவிடக் கூடாது.

இணைந்துவிட்டது என்பதற்காகப் பதிவேடுதான் உண்மை என்று எடுத்துக்கொள்வதே பெரிய தவறு. அட்டை குடும்பத்துக்கு, கேள்வியோ ஆளுக்கு. கட்டிக்கொடுத்த மகளும் இறந்துபோன தாத்தாவும் அதில் நீக்கப்படாமல் இருக்கலாம். தர்மபுரியில் அட்டை வாங்கிச் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்கு வேலைக்கு வந்தவரைச் சேலம் மாவட்டப் பதிவில் மட்டும் தேடினால் கிடைக்க மாட்டார். 'இருக்கு' என்ற அவருடைய சரியான பதில் பொய்யாகத் தெரியும். ஆகவே இணையாதவரை 'அட்டை இல்லாதவர்' பக்கம் தள்ளாமல் தனிக் கட்டத்தில் வைத்து, அவர்கள் எத்தனை பேர், எந்த ஊர்க்காரர்கள் என்பதையும் முடிவோடு வெளியிட வேண்டும்.