யார் பலமாகக் கிள்ளியது?

"அம்மா, அண்ணன் என்னைக் கிள்ளிட்டான்!"

"அவதான் முதல்ல கிள்ளினா. நான் லேசாத்தான் கிள்ளினேன்."

"பொய்! நான்தான் லேசா கிள்ளினேன்."

இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த வழக்கு முடிவதே இல்லை. விளையாட்டாக முதுகில் ஒரு விரல் படும். பதிலுக்கு ஒரு தட்டு, அதற்குப் பதில் ஒரு குட்டு, அப்புறம் கிள்ளல், கடைசியில் தலையணை பறக்கும். விசாரித்தால் இருவருமே "வாங்கினதைத்தான் திருப்பிக் கொடுத்தேன்" என்பார்கள். யாரோ ஒருவர் புளுகுகிறார் என்று முடிவு கட்டி நானும் அதட்டியிருக்கிறேன். இருவருமே உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது. அந்த அதட்டல்களை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது.

சுக்விந்தர் ஷெர்கில், டேனியல் வோல்பர்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2003-இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார்கள். ஆட்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தார்கள். ஒருவர் விரலால் அழுத்தினால், அந்த அழுத்தம் ஒரு சிறு கருவி வழியாக அடுத்தவரின் விரலில் இறங்கும். பிறகு அவருடைய முறை. "உங்கள் விரலில் எவ்வளவு அழுத்தம் விழுந்ததோ, அதே அளவைத் திருப்பிக் கொடுங்கள்" என்பதுதான் இருவருக்கும் சொல்லப்பட்டது. ஆனால் எதிராளிக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரியாது.

கோபம் இல்லை, பழைய கணக்கு எதுவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் சராசரியாக 38 சதவீதம் கூடியது. இதே வேகத்தில் எட்டு முறை கைமாறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: தொடங்கிய அழுத்தம் ஏறத்தாழ 13 மடங்காகிவிடும்! லேசான தட்டு குட்டாக மாறுவதற்கு இதுவே போதும்.

ஏன் இப்படி? கையை அசைக்கச் சொல்லி மூளை தசைகளுக்கு உத்தரவு அனுப்பும்போதே, அதன் நகல் ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொள்கிறது. இந்த அசைவால் எப்படிப்பட்ட உணர்வு வரும் என்று அந்த நகலை வைத்து முன்கூட்டியே கணித்துவிடுகிறது. எதிர்பார்த்த உணர்வே வந்து சேர்ந்தால் அதைக் கழித்துவிடுகிறது, அல்லது குறைத்துக் காட்டுகிறது. நடக்கும்போது பாதம் தரையில் படுவதும், கையோடு கை உரசுவதும் நம் கவனத்தை இழுக்காததற்கு இது ஒரு காரணம். வெளியிலிருந்து வரும் தொடுகைதான் முக்கியம். அது பூச்சியாக இருக்கலாம், முள்ளாக இருக்கலாம். சொந்தத் தொடுகையின் சத்தத்தைத் தணித்தால்தான் அது தெளிவாகக் கேட்கும்.

இந்தக் கழிவுதான் சண்டையை வளர்க்கிறது. தான் கொடுத்த அடி தனக்குக் குறைவாகத் தெரிகிறது, வாங்கிய அடி முழுசாகத் தெரிகிறது. அண்ணன் சமமாகக் கொடுத்ததாக மனதார நம்புகிறான், தங்கை கூடுதலாக வாங்கியதாக மனதார நம்புகிறாள். ஆய்வாளர்கள் இதை இன்னொரு வழியிலும் சரிபார்த்தார்கள். முதலில் கருவி ஒரு விரலை அழுத்தும். அதே அளவில் அந்த விரலை மறுகை விரலால் நேரடியாக அழுத்திக்கொள்ளச் சொன்னபோது, எல்லோரும் தேவைக்கு மேல் அழுத்தினார்கள். கருவியை இயக்கும் ஒரு குச்சியை நகர்த்தி அதே அழுத்தத்தைத் தரச் சொன்னபோது, அளவு கிட்டத்தட்ட சரியாக இருந்தது. குச்சி குறுக்கே வந்ததும் மூளையின் வழக்கமான கணிப்பு அங்கே செல்லுபடியாகவில்லை.

எல்லாப் பிள்ளைச் சண்டைக்கும் இதுவே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பொறாமையும் பிடிவாதமும் அதில் இருக்கத்தான் செய்யும். ஆனால் "லேசாத்தான்" என்ற சொல்லை இனி பொய் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது.

கிச்சுகிச்சு மூட்டுவதிலும் இதே கணக்குதான். அக்கா விரலைக் காட்டினாலே தம்பி சுருண்டு சிரிப்பான், தன் கையாலேயே அக்குளைத் தொட்டால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. சாரா-ஜேன் பிளேக்மோர், வோல்பர்ட், கிறிஸ் ஃபிரித் மூவரும் 1998-இல் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். இந்தக் கணிப்பில் சிறுமூளைக்குப் பங்கு இருப்பது தெரிந்தது. தொடர்ந்து ரோபோ ஒன்றை நடுவில் வைத்துச் சோதித்தார்கள். ஒருவர் ஒரு கையை அசைக்க, ரோபோ அதே அசைவால் அவருடைய மறு உள்ளங்கையை வருடும். உடனுக்குடன் வருடினால் கூச்சம் குறைவு. வெறும் 0.2 விநாடி தாமதித்தாலே கூச்சம் கூடியது. கணிப்பு சற்றுப் பிசகியதும் சொந்தக் கை வேற்றுக் கைபோல் ஆகிவிடுகிறது.

தொடுவதற்கு முன்பே தம்பி சிரிக்கிறானே, அது எப்படி? பெர்லினில் ஷிம்பேய் இஷியாமாவும் மிக்கேல் பிரெக்டும் எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டி 2016-இல் ஆராய்ந்தார்கள். நம் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலியில் எலிகள் கீச்சிட்டன. தொடுகையை உணரும் மூளைப் பகுதியின் செல்கள், தொடப்படாமல் ஆய்வாளரின் கையைத் துரத்தி விளையாடும்போதும் கிச்சுகிச்சுவின்போது போலவே துடித்தன. உயரமான மேடையில் பயத்தோடு நின்ற எலிகளிடம் அந்தத் துடிப்பு அடங்கிப்போனது. பயந்திருக்கும் பிள்ளையிடம் கிச்சுகிச்சு எடுபடாததை இது நினைவுபடுத்துகிறது.

விரல் சோதனையை வீட்டில் எளிமையாகச் செய்து பார்த்தோம். கருவி இல்லை, உள்ளங்கையில் ஒரு விரல், அவ்வளவுதான். வாங்கிய அளவே திருப்பித் தர வேண்டும் என்று இருவரிடமும் சொன்னேன். தலையாட்டினார்கள், மிகுந்த கவனத்தோடு தொடங்கினார்கள். ஆறாவது முறைக்குள் இரண்டு பேரின் விரல் நுனியும் வெளுத்துவிட்டது. "அண்ணா, நீ ஏமாத்தறே" என்றாள் சின்னவள். அதே நேரத்தில் பெரியவனும், "நீதான் ஏமாத்தறே" என்றான்.