பொம்மையைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், தயவுசெய்து

போன வாரம் ஒரு அம்மா வந்தார். பழைய பூத்துவாலையில் குழந்தையைப் போலச் சுற்றி எடுத்து வந்திருந்தார். ஒன்றரை அடி உயரத்தில் காளிங்க நர்த்தனக் கிருஷ்ணர். "நூத்திருபது வருஷத்துப் பொம்மை தம்பி, செட்டிநாட்டு வீட்டுலேருந்து வந்ததாம். கண்காட்சியில பதினெட்டாயிரம் கொடுத்து எடுத்தேன், இடது கை மட்டும் லேசா விரிசல் விட்டிருக்கு, கொலுவுக்குள்ள சரி பண்ணிக் கொடுத்துடுங்க" என்றார்.

நான் விரிசலைப் பார்க்கவில்லை. எப்போதும் செய்வதுபோல பொம்மையைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருக்கும் ஓட்டைக்குள் டார்ச் அடித்தேன். உள்பக்கம் ஓரமாக, காப்பி நிறச் சாயத்துக்கு அடியில், பாதி கிழிந்த ஒரு கடை ஸ்டிக்கர். பெயர் போயிருந்தது. முகவரியின் கடைசி வரி மட்டும் தெளிவாக இருந்தது: 600 என்று தொடங்கும் ஆறு இலக்க எண்.

நம் நாட்டில் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல்.

அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தே ஒரு டம்ளர் டீ ஆறிப்போனது. இந்த ஆடி, ஆவணிக்குள் எனக்கு இது நான்காவது. அதனால்தான் வேலையை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பழைய பொம்மைகளைச் சீர்செய்வது என் தொழில். மண், காகிதக்கூழ், மரப்பாச்சி, பீரோவுக்குள் கிடந்த ஜப்பான் பொம்மை, எல்லாம் வரும். நவராத்திரிக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே கண்காட்சிகள் களைகட்டிவிடும். சமீப வருடங்களில் புதுப் பொம்மைகளோடு 'ஆன்டிக்' என்று ஒரு மேசையும் சேர்ந்துகொண்டது. அந்த மேசையில் நல்ல பொம்மைகளும் நாணயமான வியாபாரிகளும் இருக்கிறார்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கோபம் வாங்குகிறவர்கள் மேல்தான். பதினெட்டாயிரம் கொடுக்கும் ஒருவர் பதினெட்டு விநாடி அதைத் திருப்பிப் பார்க்க மாட்டேன் என்கிறாரே!

எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது: அழுக்காக இருந்தால் பழசு. பழுப்பேறி, மங்கி, மடிப்பெல்லாம் கறுத்து இருந்தால் இன்னும் பழசு. இதை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கொலு பொம்மை வருடத்தில் எத்தனை நாள் வெளியே இருக்கும்? பத்து நாள். மீதி முந்நூற்று ஐம்பத்தைந்து நாளும் பாட்டியின் பழைய வேட்டிக் கிழிசலில் சுற்றி, ட்ரங்குப் பெட்டியிலோ பரணிலோ உறங்கும். வெயில் படாது, சமையல் புகை படாது, கை படாது. அப்படி இருந்த பொம்மை எப்படி அழுக்காகும்? ஒழுங்கான வீட்டிலிருந்து வரும் எழுபது எண்பது வருடத்துப் பொம்மைகள் என் மேசைக்கு வரும்போது, வண்ணம் சில இடங்களில் நேற்று பூசியதுபோல இருக்கும். பார்க்கிறவர்கள் "இது புதுசு மாதிரி இருக்கே" என்று ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் இருக்கும் டீத்தூள் குளித்த பொம்மையை எடுத்துக்கொண்டு போகிறார்கள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

சரி, பெட்டியில் இல்லாமல் கண்ணாடி அலமாரியிலேயே இருந்த பொம்மை என்றால்? அப்போதும் அடையாளம் வேறு மாதிரிதான் இருக்கும். வெளிச்சம் பட்ட முன்பக்கம் வெளுத்திருக்கும், சுவரைப் பார்த்த முதுகு அழுத்தமான நிறத்தோடு இருக்கும். தூசி மேலிருந்து கீழே விழும் பொருள். அதனால் கிரீடத்தின் மேல், தோள், மடி, பீடத்தின் மேல்விளிம்பு என்று படியும். மோவாய்க்கு அடியிலும் அக்குளிலும் போய் ஏன் உட்கார வேண்டும்? பழசாக்குகிறவர் டிகாக்ஷனோ ஷூ பாலிஷோ தொட்டுப் பிரஷ்ஷால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பூசித் துடைக்கிறார், பள்ளங்களில் மட்டும் கறுப்பு தங்கிவிடுகிறது. மோவாய்க்கு அடியில் கறுத்திருந்தால் முகர்ந்து பாருங்கள். வெட்கப்படாதீர்கள், நான் தினமும் முகர்கிறேன்.

தேய்மானத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். எடுத்து வைக்கிற கை எங்கே பிடிக்கும்? இடுப்பில், முதுகில். அங்கே வண்ணம் மெலிந்திருக்கும். துணியில் சுற்றும்போது உரசுவது மூக்கு நுனி, விரல் நுனி, கிரீடத்தின் முனை. படியில் இழுபடுவது பீடத்தின் அடிவிளிம்பு. இந்த இடங்கள் எல்லாம் முழுசாக இருந்து, கன்னத்தின் நடுவில் மட்டும் அழகாகப் பெயர்ந்திருந்தால் அது உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது. நல்ல அடையாளம் ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது: வார்னிஷ் முழுதும் காய்வதற்குள் துணியில் சுற்றியிருந்தால் அந்த நெசவின் குறுக்கும் நெடுக்குமான தடம் பொம்மையின் முதுகில் பதிந்திருக்கும், ஓரிரு நூல்கூட ஒட்டியிருக்கும். இத்தனை வருடத்தில் அதைப் போலியாகச் செய்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அடுத்து, அடிப்பகுதி. பழைய மண் பொம்மையை அச்சில் செய்யும்போது முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சுகளில் களிமண்ணைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அப்பி, பிறகு இரண்டையும் சேர்ப்பார்கள். அதனால் ஓட்டைக்குள் டார்ச் அடித்தால் உள்சுவர் முழுக்க விரல் பள்ளங்கள் தெரியும், சில சமயம் ரேகைகூடத் தெரியும். செய்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது, அவர் விரல் மட்டும் அங்கேயே இருக்கும். பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) பொம்மை கரைத்து ஊற்றியது. உள்ளே வழுவழுவென்று, வழிந்து உறைந்த அலையும் காற்றுக்குமிழி ஓட்டைகளுமாக இருக்கும். காகிதக்கூழ் எடை குறைவு, தட்டினால் மந்தமான சத்தம், உள்ளே அடுக்கடுக்காகத் தாள். அந்தத் தாளில் செய்தித்தாள் துண்டு இருந்து தேதியும் கிடைத்தால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி.

எழுத்து இருந்தால் நிதானமாகப் படியுங்கள். அடியில் பென்சிலில் 2-8-0 என்று விலை எழுதியிருந்தால் இரண்டு ரூபாய் எட்டணா. ரூபாய்க்கு நூறு பைசா என்ற தசம நாணயம் 1957 ஏப்ரலில்தான் வந்தது. 'ந.பை.' (நயா பைசா) என்று இருந்தால் அதற்கடுத்த சில வருடங்கள், 1964-இல் 'நயா' போய் வெறும் பைசா ஆகிவிட்டது. '1925-ஆம் வருடத்துப் பொம்மை'யில் ரூ.3.50 என்று இருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அச்சிட்ட கடை லேபிளில் துதிக்கை போட்ட லை, ணை (எழுத்தோடு ஒட்டி யானைத் துதிக்கை போல வளையும் பழைய வடிவம்) இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கையெழுத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். என் அப்பா கடைசி வரை துதிக்கை போட்டுத்தான் எழுதினார். எதிர்ப்பக்கம், பெரியார் 1935-இலேயே குடி அரசு இதழில் புது எழுத்துக்கு மாறிவிட்டார்.

மரப்பாச்சிக்கு வருவோம். "தண்ணீரில் போட்டால் சிவப்பாகச் சாயம் இறங்கினால் அசல்" என்று ஒரு சோதனை சொல்கிறார்கள். இது கிட்டத்தட்டத் தலைகீழ். பழைய மரப்பாச்சிகளைச் செய்த செம்மரத்தின் சிவப்பு தண்ணீரில் லேசில் கரையாது, சாராயத்தில்தான் நன்றாகக் கரையும். போட்டவுடன் தண்ணீர் ரத்தமாக மாறினால், வேறு ஏதோ மரத்துக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். செம்மரத்தின் வைரம், அதாவது நடுவில் இருக்கும் கெட்டி மரம், கனமானது, தண்ணீரில் மூழ்கும். அதற்காகக் கண்காட்சியில் வாளி கேட்காதீர்கள், கையில் தூக்கினாலே கனம் தெரியும். பழைய ஜோடியைத் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, வெடித்துப்போனதும் என்னிடம் கொண்டுவருகிறார்கள். கல்யாணச் சீராக வந்த ஜோடி, மூன்று தலைமுறை கைபட்டு மூக்கு மழுங்கியது, ஒரு மத்தியானச் சோதனையில் முடிந்துபோகிறது. பூச்சி ஓட்டைகள் இருந்தால் ஒரு வெள்ளைத் தாளில் நிறுத்தித் தட்டுங்கள். புது மாவு கொட்டினால் பூச்சி உயிரோடு இருக்கிறது, அதை வீட்டுப் பொம்மைகளோடு சேர்க்காதீர்கள், தனிப் பையில் கட்டி வையுங்கள்.

இப்போது சொல்வதை மட்டும் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், இதில் பணம் மட்டும் போவதில்லை. பழைய கொலுக்களில் 'ஜப்பான் பொம்மை' என்று இளஞ்சிவப்பு நிறத்தில், முட்டை ஓடு போல மெல்லிசாக, காற்று மாதிரி எடையில்லாமல் இருக்கும் குழந்தைப் பொம்மைகள் உண்டு. கண்காட்சிகளிலும் வருகின்றன. முதுகில் வெறும் 'ஜப்பான்' என்றோ, 'ஆக்கிரமிப்பு ஜப்பானில் செய்தது' என்ற பொருளில் ஆங்கிலத்திலோ முத்திரை இருக்கும். இரண்டாவது வகை, இரண்டாம் உலகப் போர் முடிந்து, நேச நாட்டுப் படைகளின் ஆக்கிரமிப்பு 1952-இல் விலகும்வரை வந்தது. இவற்றில் பல செல்லுலாய்டு. பழைய பிங்பாங் பந்து எதில் செய்தார்களோ அதேதான். கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும். கற்பூரமும் அதற்குள் இருக்கிறது, பற்றிக்கொள்வதும் அப்படித்தான்.

அதைக் கொலுப்படியில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், சீரியல் பல்பு சுற்றி வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காலைப் பிடித்துக் கேட்கிறேன். கடைசிப் படியில் விளக்கு இருந்தால் செல்லுலாய்டு மேல் படியிலும் வேண்டாம், விளக்கே இல்லாத வேறு அறையில் வையுங்கள். அசலா என்று பார்க்க ஊசியைச் சுடவைத்துக் குத்திப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்த ஒருவர் புருவம் கருகி வந்து நின்றார், பொம்மை வரவில்லை. அப்புறம், செல்லுலாய்டை பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டாதீர்கள், மற்றப் பொம்மைகளோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். அது கெடத் தொடங்கினால் அமில வாடை விட்டுப் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். மஞ்சளித்து, வெடித்து, ஒட்டும் பதத்தில் ஒன்று மேசையில் இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வாங்கிய பிறகு செய்யும் அட்டூழியங்களைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பழைய மண் பொம்மையில் வண்ணத்துக்கு அடியில் சுண்ணப்பொடியும் வச்சிரம் என்ற பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு இருக்கும், வச்சிரம் தண்ணீர் பட்டால் இளகும், ஒரே துடைப்பில் கண், புருவம், பொட்டு எல்லாம் துணியோடு வந்துவிடும். உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும். உப்புத்தாள் தொடவே கூடாது, அந்தக் காலத்து வண்ணங்களில் ஈயம் இருக்கலாம், பறக்கிற தூசு குழந்தை இருக்கிற வீட்டில் விஷம். எனாமல் அடிக்காதீர்கள். பொம்மை உடைந்து வந்தால் என்னால் ஏதாவது செய்ய முடியும், எனாமல் அடித்து வந்தால் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் அனுப்புகிறேன்.

நூறு வருடம் என்று விற்கிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உரிமம் இருக்கா?" 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருள் ஆகிவிடும். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனிநபர் யாரும் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கென்று வாங்குகிறவர்கள் இதை ஞாபகம் வையுங்கள். இந்தக் கேள்வி கேட்டதும் நூற்றிருபது வருடம் சட்டென்று "ஒரு எழுபது எண்பது இருக்கும் சார்" ஆவதை நானே கேட்டிருக்கிறேன்.

அந்த அம்மாவிடம் கடைசியில் ஸ்டிக்கரைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப இவனுக்கு என்னைவிட வயசு கம்மியா?" என்றார். ஆமாம் என்றேன். "கையைச் சரி பண்ணிடுங்க, படியில வைக்கத்தானே போறேன்" என்றவர், பணத்தைத் திருப்பிக் கேட்க மகனை அனுப்புவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். மோவாய்க்கு அடியில் இருந்த பாலிஷை இரண்டு நாளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே நல்ல நீலம் இருக்கிறது.

வாங்குமுன் அடிப்பகுதியைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம். மகாளய அமாவாசை வாரம் மட்டும் அனுப்பாதீர்கள்.