சீட்டில் பிழையா, பேச்சில் பிழையா?

மருந்தைத் தவறாகப் போட்டுக்கொண்டு ஒருவர் திரும்பி வந்தால், "எடுத்துச் சொன்னோம், அவங்கதான் புரிஞ்சுக்கல" என்று முடித்துவிடுகிறோம். அந்தப் "புரிஞ்சுக்கல"வுக்குள் இரண்டு வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று குறியில் வருவது: சீட்டிலோ அட்டையிலோ சிரிஞ்சிலோ இருக்கும் அடையாளம் எதைக் குறிக்கிறது என்பதே தெரியாமல் போவது. இன்னொன்று பேச்சில் வருவது: எல்லாச் சொல்லும் தெரியும், சொன்னவர் எந்தக் கருத்தில் சொன்னார் என்பது மட்டும் தப்பிவிடும். முதலாவதைப் படிப்பது குறியியல், அதாவது செமியாட்டிக்ஸ். இரண்டாவதைப் படிப்பது பயன்வழியியல், பிராக்மாடிக்ஸ். தமிழும் தெலுங்கும் உருதுவும் வங்காளமும் இந்தியும் ஒரே வரிசையில் நிற்கிற வேலூரில், மருந்துக் கவுண்டரிலும் வார்டிலும் வேலை செய்பவர்கள் இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

குறியியலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பழைய உறவு உண்டு. உடம்பில் தெரியும் அறிகுறியைக்கொண்டு உள்ளே இருக்கும் நோயைப் படிப்பதற்குப் பண்டைக் கிரேக்க வைத்தியர்கள் வைத்திருந்த சொல்லே அதன் வேர். அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் பியர்ஸ் குறிகளை மூன்றாகப் பிரித்தார். காலை வேளைக்குச் சூரியனை வரைந்து காட்டுவது, பொருளைப்போலவே இருக்கும் படிமம். புண்ணைச் சுற்றிய சிவப்பு, காரணத்தோடு ஒட்டி வரும் சுட்டு. மாத்திரை அட்டையில் செங்குத்தாக ஓடும் சிவப்புக் கோடு, நாலு பேர் ஒப்புக்கொண்டதால் மட்டுமே பொருள் தரும் குறியீடு. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பது அந்தக் கோட்டின் அர்த்தம். யாரும் சொல்லித்தராவிட்டால் அது வெறும் டிசைன்தான்.

குறி தவறினால் என்ன ஆகும் என்பதை இன்சுலின் சிரிஞ்சில் பாருங்கள். நம் ஊரில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. மில்லிக்கு 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 10-ஆம் கோடு வரை இழுத்தால் வருவது 0.1 மில்லி, அதாவது 4 யூனிட்தான். சர்க்கரை இறங்காது. 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் அதே 10-ஆம் கோடு வரை இழுத்தால் 0.25 மில்லி, 25 யூனிட். சர்க்கரை தாழ்ந்து ஆள் விழுந்துவிடுவார், உயிருக்கே ஆபத்து. சிவப்பையும் ஆரஞ்சையும் மங்கிய வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பது வயதானவர்களுக்குக் கஷ்டம். எவ்வளவு அன்பாகப் பேசினாலும் இந்தப் பிழை தீராது. குப்பியில் இருக்கும் எண்ணையும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணையும் அவரையே படிக்கவைத்து, இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்கப் பழக்க வேண்டும். அளவை எழுதும்போது "யூ" என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் போடாதீர்கள். அது பூஜ்யமாகத் தெரிந்து 10 நூறாகிவிடும்; "யூனிட்" என்று முழுதாக எழுதுங்கள்.

"ஓ.டி." என்பது பொதுச் சீட்டில் தினம் ஒரு வேளை, கண் சீட்டில் அதுவே வலது கண். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்பதற்கு நாம் 1-0-1 என்று எழுதுவதை வங்கதேசச் சீட்டில் 1+0+1 என்று எழுதுவார்கள். உருது படித்துப் பழகியவர் சூரியன், நிலா என்று வரிசையாக வரைந்த படங்களை வலப்பக்கத்திலிருந்து தொடங்கக்கூடும். அதனால் படத்துக்குக் கீழே வேளையையும் எழுதிவிடுவது நல்லது.

இனிப் பேச்சுக்கு வருவோம். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வந்த பெரியம்மாவிடம் "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்கிறோம். "இன்னும் சாப்பிடலப்பா" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. குடியாத்தத்தில் பஸ் ஏறுமுன் சர்க்கரை போட்ட டீயும் இரண்டு பிஸ்கட்டும் உள்ளே போயிருக்கலாம். ஆனால் சாப்பிடுவது என்றால் அவர் கணக்கில் சோறோ டிபனோதான். டீ அதில் சேராது. போதாததற்கு, "சாப்பிட்டீங்களா" நம்மிடையே நலம் விசாரிக்கும் பேச்சு. வாய்க்கு வந்த பதிலைச் சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை. இங்கே எந்தக் குறியும் தவறவில்லை, கேள்விதான் தவறிவிட்டது. "ராத்திரி எத்தனை மணிக்குக் கடைசியா சாப்பிட்டீங்க? அதுக்கப்புறம் டீ, காபி, பால், பழம், பிஸ்கட் ஏதாவது?" என்று கேளுங்கள். தண்ணீர் தவிர 8 மணி நேரம் எதுவும் போயிருக்கக் கூடாது.

"வேற மருந்து எதாவது சாப்பிடறீங்களா?" என்பதும் இதே ரகம். இன்சுலின் போட்டுக்கொள்வது, இன்ஹேலர் இழுப்பது; இரண்டும் அவர் கணக்கில் "சாப்பிடுவது" ஆகாது. கஷாயம் அவருக்கு மருந்தே இல்லை. ஆகவே "இல்லைங்க" என்பது அவரளவில் முழு உண்மை. "சரிங்க" என்பதை நம்புவது இன்னும் மோசம். "காதில் விழுந்தது, உங்கள் நேரத்தைக் கெடுக்கவில்லை" என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லாமல் இருக்கலாம். "வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்க, ஒரு தடவை எனக்குச் சொல்லுங்க" என்று கேட்டு வாங்குங்கள்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் மோரிஸ் 1938-இல் வகுத்தபடி பயன்வழியியல் குறியியலின் ஒரு பகுதி: குறிக்கும் அதைப் பயன்படுத்துபவருக்கும் உள்ள உறவு. பிற்பாடு ஆஸ்டின், கிரைஸ் ஆகிய தத்துவ அறிஞர்கள் வழியாக அது மொழியியலில் தனித்துறையாக வளர்ந்தது. நமக்கும் இது புதிதல்ல. வெளிப்படையாகச் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் சொல்லும் இடக்கரடக்கலை, இலக்கண நூலான நன்னூல் தகுதி வழக்கில் சேர்த்திருக்கிறது. "முழுகாம இருக்கா" என்றால் கர்ப்பம் என்பது இளம் செவிலியருக்குத் தெரியாமல் போனால், எக்ஸ்ரேவுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி விட்டுப்போகும். "வெளிக்கு எப்படிப் போகுது?" என்பதை வங்காளத்துக்கு மாற்றச் சொல்லுமுன், கேட்பது மலத்தைப் பற்றி என்று மொழிபெயர்ப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

குறியும் பேச்சும் ஒன்றாக வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. "நெஞ்சுல வாயு பிடிச்சிருக்கு, ஒரு கேஸ் மாத்திரை கொடுங்க" என்று ஒருவர் கவுண்டரில் கேட்கிறார். பேச்சின்படி அது வியாபாரம். ஆனால் உடம்பு காட்டும் குறியைப் பாருங்கள்: வியர்த்திருக்கிறதா, இடது கையோ தாடையோ வலிக்கிறதா, நடந்தால் கூடுகிறதா, மூச்சு வாங்குகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மாத்திரையை எடுக்காதீர்கள். அவரை உட்காரவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள், ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும்.